பால்குடத்துக்கு எந்தச் சேலை? பட்டும் பட்டைப் போன்றவையும்

மலேசியாவின் பேராக் மாநிலத்தில், சுங்கை சிப்புட் பக்கம் ஆடித் திருவிழா நெருங்கினால் கோவில் மாதர் பிரிவில் முதலில் கிளம்புவது பூசைச் செலவுப் பேச்சு அல்ல, சேலைப் பேச்சு. பால்குடம் ஏந்தும் பெண்கள் அத்தனை பேரும் ஒரே நிறத்தில் வரவேண்டும். பார்ப்பதற்குப் பட்டாக இருக்கவேண்டும். செம்பனைத் தோட்டத்தில் கூலி வேலைக்குப் போகிற குடும்பத்துக்கும் விலை கட்டுப்படியாகவேண்டும். இந்த மூன்று நிபந்தனையையும் சொல்லி முடிக்கும் முன்பே ஈப்போ லிட்டில் இந்தியாவில் கடைக்காரர் ஒரு துணிக்கட்டை எடுத்து மேசைமேல் விரித்துவிடுவார். பளபளக்கும், கை வைத்தால் வழுக்கும். "செமி சில்க், அக்கா" என்பார். எந்த நூலில் நெய்தது என்று கேட்டால், "பட்டு மாதிரிதான்" என்று பதில் வரும்.

நான் இந்த ஊரில் ரவிக்கை தைத்துப் பிழைப்பவள். புதிதாக வெட்டிய துணியையும் பார்க்கிறேன், அதே துணி அக்குளில் விட்டுப்போய்த் திரும்பி வருவதையும் பார்க்கிறேன். கடை விளக்கின் கீழே தெரியாத சங்கதிகள் தையல் மேசையில் தெரிந்துவிடும். பளபளப்பைப் பொறுத்தவரை இன்றைய செயற்கை நூல்கள் பட்டை எட்டிப் பிடித்துவிட்டன. அதை வைத்து ஒன்றைத் தேர்ந்தெடுக்க முடியாது. தண்ணீர் பட்டால் என்ன செய்கிறது, நெருப்பு பட்டால் என்ன செய்கிறது என்று பார்த்துத்தான் தேர்ந்தெடுக்கவேண்டும். நம் திருவிழா நாளில் இரண்டுக்கும் குறைவில்லை.

அந்த ஒரு நாளில் ஒரு சேலை படும் பாட்டை நினைத்துப் பாருங்கள். விடியற்காலையில் ஆற்றங்கரையில் அல்லது குழாயடியில் மஞ்சள் தண்ணீர் ஊற்றிக்கொண்டு நனைந்த உடம்போடு உடுத்துகிறோம். வெயில் ஏற ஏறத் தார்ச்சாலையில் ஊர்வலம். தலைக்குடத்துப் பால் தோளில் வழிகிறது. கோவிலுக்குள் கற்பூரம், நெய்விளக்கு. சிலர் தீச்சட்டி எடுக்கிறார்கள். மதியம் அன்னதானக் கொட்டகையில் எரிவாயு அடுப்புக்கு முன்னால் கரண்டியும் கையுமாக நிற்கிறோம். இரவு இரதம் புறப்படும்போது படத்துக்கு நிற்க அதே சேலை மடிப்புக் கலையாமல் இருக்கவேண்டுமாம். மறுநாள் துவைத்து அலமாரியில் வைத்தால் அடுத்த ஆடி வரைக்கும் பூசணம் பூக்கக்கூடாது.

இத்தனையையும் ஒரே துணியிடம் கேட்பது கொஞ்சம் அநியாயம்தான். ஆனாலும் ஒவ்வொன்றாகக் கேட்டுப் பார்ப்போம்.

பளபளப்பு எங்கிருந்து வருகிறது

பட்டுப்புழு ஒரு கூட்டுக்காக விடும் இழை 1,000 மீட்டர் அளவுக்கு முறியாமல் நீளும். பருத்தியின் பஞ்சிழை இரண்டு மூன்று சென்டிமீட்டரில் முடிந்துவிடும். அப்படித் துண்டுதுண்டான இழைகளை முறுக்கித்தான் பருத்தி நூல் நூற்கிறார்கள், அதனால் அதன் மேல் துளிர்த்துளிராக நுனிகள் நீட்டிக்கொண்டிருக்கும். பட்டில் அந்த நுனிகள் இல்லை. இன்னொன்று, பட்டிழையைக் குறுக்கே வெட்டி நுண்ணோக்கியில் பார்த்தால் அது வட்டமாக இருக்காது; மூலை மழுங்கிய முக்கோணமாக இருக்கும். வெளிச்சம் அந்தத் தட்டையான பக்கங்களில் மோதித் திரும்புவதால்தான் சேலை அசைய அசைய ஒளி ஓடுகிறது. உருண்டையான செயற்கை இழையும் மின்னும், ஆனால் அது கண்ணாடித்தனமான மினுக்கு.

இந்த இரகசியம் தெரிந்தவுடன் ஆலைக்காரர்கள் செய்தது சுலபமான வேலை. உருகிய பாலியஸ்டரையோ நைலானையோ இழையாகப் பிழியும் தட்டில் வட்டத் துளைக்குப் பதிலாக மூன்று கைகள் கொண்ட துளையைப் போட்டார்கள். இழை மூன்று இதழ்களோடு வெளியே வந்தது, பளபளப்பும் பட்டின் பக்கத்தில் வந்துவிட்டது.

பளபளப்புக்கு அடுத்தது விழுவு. கொசுவம் வைத்தால் சேலை விறைத்து நிற்காமல் உடம்போடு விழவேண்டும். பச்சைப் பட்டிழையின் மேல் செரிசின் என்கிற பசை ஒட்டியிருக்கும். எடையில் ஏறக்குறைய கால் பங்கு அதுதான். சோப்புத் தண்ணீரில் வேகவைத்து அந்தப் பசையை எடுத்துவிட்டால் இழைகளுக்கு இடையில் இடம் உண்டாகிறது, துணி நெகிழ்கிறது. பாலியஸ்டருக்கு அப்படிக் கழற்றிப் போடப் பசை ஏது? ஆகவே நெய்த துணியையே சூடான காஸ்டிக் சோடாவில் போட்டு இழையின் மேல்தோலைத் தின்னவிடுகிறார்கள். துணி தன் எடையில் 10 முதல் 30 விழுக்காடு வரை இழக்கும். காசு கொடுத்துச் செய்த நூலைக் காசு கொடுத்தே கரைத்துவிடுவது பைத்தியக்காரத்தனமாகத் தோன்றலாம், ஆனால் அந்தக் குளியலுக்குப் பிறகுதான் தகரம்போல நின்ற பாலியஸ்டர் பட்டாக விழுகிறது. மலிவான கட்டில் இந்த வேலையைக் குறைத்துவிடுவார்கள். இடுப்பில் கொசுவம் குடையாக விரிந்து நிற்பதற்குக் காரணம் பெரும்பாலும் அதுதான். கட்டத் தெரியாத பெண்ணைக் குறை சொல்லிப் பயனில்லை.

மூன்றாவது மென்மை. டெனியர் என்பது 9,000 மீட்டர் இழையின் எடை எத்தனை கிராம் என்ற கணக்கு. பட்டின் தனி இழை ஏறத்தாழ ஒரு டெனியர். இன்று ஒரு டெனியருக்கும் மெலிந்த பாலியஸ்டர் இழை தாராளமாகக் கிடைக்கிறது. ஆக, கைக்கும் கண்ணுக்கும் பட்டைக் காட்டுவது இனி ஒரு சாதனை இல்லை.

இந்த ஓட்டத்தில் ஒரு நூலுக்குத் தனி இடம் உண்டு. 1968இல் அமெரிக்காவின் டூபாண்ட் நிறுவனம் கியானா என்ற பெயரில் ஒரு நைலானை வெளியிட்டது. வழக்கமான நைலானிலிருந்து வேதிக்கூட்டிலேயே மாறுபட்டது. வளைய அமைப்புள்ள மூலப்பொருள் ஒன்றைச் சேர்த்திருந்தார்கள். பட்டின் மினுக்கு, பட்டின் விழுவு, துவைத்து உலர்த்தினால் சுருக்கமே இல்லை, சாயம் ஆழமாகப் பிடிக்கும். முதலில் உயர்தர ஆடை வடிவமைப்பாளர்களிடம் கொண்டுபோனார்கள். எழுபதுகளில் அகலக் காலர் வைத்த மினுக்குச் சட்டையாகத் தெருவுக்கு இறங்கியது. பத்துப் பதினைந்து ஆண்டுகளில் சந்தையை விட்டே போய்விட்டது. செய்வதற்குச் செலவு அதிகம்; மலிவான பாலியஸ்டர் அதே தோற்றத்தைக் கொடுக்கத் தொடங்கிவிட்டது. அதோடு எனக்குத் தோன்றும் ஒரு காரணமும் உண்டு. கியானா பட்டின் எல்லாக் குணத்தையும் படித்துக்கொண்டது, தண்ணீர் குடிப்பதைத் தவிர. சாதாரண நைலானைவிடவும் குறைவாகத்தான் ஈரம் வாங்கும். கூட்டத்தில் ஆடி வியர்த்தவர்களுக்கு அது தெரிந்திருக்கும்.

தண்ணீர்க் கணக்கு

ஒவ்வொரு நாரும் காற்றிலிருந்தே கொஞ்சம் ஈரத்தை வாங்கித் தனக்குள் வைத்துக்கொள்ளும். அதை அளக்கும்போது காற்றின் ஈரப்பதம் 65 விழுக்காடு, வெப்பம் 20 டிகிரி என்று வைத்துக்கொள்வார்கள். பேராக்கில் அப்படி ஒரு நாள் விடியாது என்பது வேறு விஷயம். ஒப்பிடுவதற்கு அந்தக் கணக்கு போதும். அந்த நிலையில் 500 கிராம் சேலை ஒன்று உள்ளே வைத்துக்கொள்ளும் ஈரம், மரக்கூழிலிருந்து செய்யும் விஸ்கோஸ் ரேயானில் சுமார் 65 கிராம், பட்டில் 55, நைலானில் 20, பாலியஸ்டரில் வெறும் 2 கிராம்.

இந்த எண்களை உடம்பின் மொழிக்கு மாற்றிப் பாருங்கள். இலேசான வியர்வை ஆவியாகத்தான் துணிக்கு வந்து சேர்கிறது. பட்டும் விஸ்கோஸும் அந்த ஆவியை வாங்கிக்கொண்டு வெளியே விடும். பாலியஸ்டர் வாங்காது. நெருக்கமாக நெய்த பாலியஸ்டர் சேலைக்குள் அந்த ஆவி தங்கிச் சொட்டாகி முதுகில் வழியும். பசார் மாலம் என்கிற இரவுச் சந்தையில் விற்கும் ரேயான் பாத்தேக் கஃப்தானை வீட்டில் போட்டுக்கொண்டு உலவும் பெண்களுக்கு இந்த வேறுபாட்டை விளக்கத் தேவையில்லை. அதே பெண்கள் பாலியஸ்டர் சட்டினில் தைத்த உடையைப் போட்டுக்கொண்டு விருந்துக்குப் போனால், குளிர்சாதனம் ஓடாத மண்டபத்தில் அரை மணி நேரத்தில் விசிறி தேடுவார்கள்.

பாலியஸ்டருக்கு நியாயமும் சொல்லவேண்டும். தண்ணீர் குடிக்காத அதே குணம்தான் துவைத்தவுடன் உலர வைக்கிறது. சுருங்காது, நிறம் இறங்காது, நனைந்தாலும் வலு குறையாது. மழைக்காலத்தில் வீட்டுக்குள் கொடி கட்டி உலர்த்தும் தாமான் (குடியிருப்புப் பகுதி) வீட்டுக்காரிக்கு அது பெரிய உதவி. ஆனால் எண்ணெயோடு அதற்கு ஒரு ஒட்டு. உடம்பின் எண்ணெய்ப் பசை, சமையல் நெய், நல்லெண்ணெய் எல்லாம் பாலியஸ்டரில் பிடித்துக்கொண்டு விடமாட்டேன் என்னும். அக்குள் வாடை துவைத்த பிறகும் இஸ்திரிப் பெட்டியின் சூட்டில் கிளம்புவது அதனால்தான். என் மேசைக்குத் திருத்த வரும் ரவிக்கைகளில் கண்ணை மூடிக்கொண்டே பாலியஸ்டரைப் பிரித்துவிடலாம்.

விஸ்கோஸின் பலவீனம் வேறு இடத்தில். அது மரக்கூழிலிருந்து வருவது. 1892இல் இங்கிலாந்தில் கிராஸ், பெவன், பீடில் என்ற மூவர் காப்புரிமை பெற்ற முறை. 1905இல் கோர்ட்டால்ட்ஸ் நிறுவனம் கவென்ட்ரியில் ஆலை வைத்து வியாபாரமாக்கியது. நம் பாட்டிமார் ஆர்ட் சில்க் என்று சொன்னது இதைத்தான். உலர்ந்திருக்கும்போது தோற்றத்துக்கும் சுகத்துக்கும் இதை அடித்துக்கொள்ளச் செயற்கையில் ஆள் இல்லை. நனைந்தால் ஏறக்குறையப் பாதி வலு போய்விடும். பட்டும் நனைந்தால் தளரும், ஆனால் இந்த அளவுக்கு இல்லை.

இதை ரவிக்கையில் கிட்டப் பார்த்திருக்கிறேன். விஸ்கோஸ் ரவிக்கை கிழிந்து வரும்போது தையல் அப்படியே இருக்கும். தையலுக்கு ஒரு நெல் தள்ளித் துணி நூல்நூலாக விட்டிருக்கும். அக்குள் வளைவின் பின்பக்கம், கை தூக்கும்போது இழுபடும் இடம், எப்போதும் வியர்வையில் நனைந்த இடம். பால்குடம் என்பது மணிக்கணக்கில் கை தூக்கியபடி நடப்பது. பாலியஸ்டர் ரவிக்கை வேறு விதமாகக் கெடும். நூல் முறியாது, வழுவழுப்பான இழைகள் தையலை விட்டு நகர்ந்து, ஏணிப்படி போட்டதுபோல் இடைவெளி தெரியும். முதலாவதைச் சரிசெய்ய ஒட்டுப் போடவேண்டும். இரண்டாவதை உள்ளே இன்னொரு தையல் ஓட்டிச் சமாளித்துவிடலாம். வலுவில் பாலியஸ்டருக்கு ஒரு புள்ளி கொடுத்தே ஆகவேண்டும்.

நைலானைப் பற்றி நீட்டிப் பேச வேண்டியதில்லை. 1938இல் அறிவித்தார்கள், 1940இல் அமெரிக்கக் கடைகளில் காலுறையாக வந்து, அதுவரை அந்த வியாபாரத்தை ஆண்டுகொண்டிருந்த ஜப்பானியப் பட்டைத் துரத்தியது. பிறகு நம் பக்கம் நைலக்ஸ் சேலையாக வந்து ஒரு தலைமுறையையே மயக்கியது. தோட்டத் தொழிலாளரின் லயத்து வீட்டுப் பெட்டியில் ஒரு நைலக்ஸ் சேலை இருப்பது ஒரு கௌரவமாக இருந்தது. இலேசு, வலு, துவைத்து உதறினால் உலர்ந்துவிடும். வெயிலில் பழுப்பேறும், இஸ்திரிச் சூட்டைத் தாங்காது, உடம்பில் ஒட்டும். பட்டைப் போன்ற சேலை என்ற போட்டியில் அதன் இடத்தைப் பாலியஸ்டர் எடுத்துக்கொண்டுவிட்டது.

அசிட்டேட் என்பது மரக்கூழிலிருந்து வரும் இன்னொரு இழை. சேலையாக இங்கே அதிகம் வருவதில்லை, சட்டின் உள்துணியாக வரும். நகச்சாயம் அழிக்கும் திரவத்தில் அசிட்டோன் இருந்தால் ஒரு துளி பட்ட இடத்தில் அசிட்டேட் கரைந்து ஓட்டையாகும். திருவிழாவுக்கு முந்திய இரவு நகத்தை அழகுபடுத்துகிறவர்கள் கவனிக்க. குப்ரோ என்று இன்னொன்று இருக்கிறது: பருத்திக் கொட்டையில் ஒட்டியிருக்கும் குறும்பஞ்சைத் தாமிரக் கரைசலில் கரைத்து இழையாக்குவது, ஜப்பானின் அசாஹி கசேய் பெம்பெர்க் என்ற பெயரில் விற்பது. ஈரம் வாங்கும், விஸ்கோஸைவிட நயம். எங்கள் ஊர்க் கடையில் அந்தப் பெயரைச் சொன்னால் புதுவகைப் பிஸ்கட்டா என்று கேட்பார்கள். கோலாலம்பூரில் கிடைத்தால் கல்யாணத்துக்கு வாங்குங்கள். ஊர்வலத்துக்கு மொத்தமாக எடுக்க அது ஆகாது.

நெருப்பு

கடைக்காரர் சொல்வதை நம்ப வேண்டியதில்லை, நூலே சொல்லிவிடும். முந்தானைக் குஞ்சத்துக்குப் பக்கத்திலிருந்து நாலைந்து நூலை உருவி முறுக்குங்கள். ஜரிகை கலக்காமல் பாருங்கள். நீளவாக்கில் ஓடும் பாவு நூலையும் குறுக்கே ஓடும் ஊடை நூலையும் தனித்தனியாக எடுக்கவேண்டும். பாவில் ஒன்றும் ஊடையில் இன்னொன்றும் போட்டு நெய்வது சாதாரணம். தண்ணீர் ஊற்றிய எவர்சில்வர் தட்டுக்கு மேலே, இடுக்கியால் பிடித்துக்கொண்டு, மெழுகுவர்த்திச் சுடருக்கு மெதுவாகக் கொண்டுபோங்கள். குழந்தைகளைப் பக்கத்தில் விடாதீர்கள்.

பட்டு தயங்கித் தயங்கி எரியும், சுடரை எடுத்தால் பெரும்பாலும் தானே அணையும். முடி பொசுங்கிய வாடை வரும். மிஞ்சும் கறுப்பு உருண்டையை விரலால் நசுக்கினால் பொடியாகும். விஸ்கோஸ் பிடித்தவுடன் குபீரென்று ஓடும், காகிதம் எரிந்த வாடை, ஊதினால் பறக்கும் சாம்பல். பாலியஸ்டர் சுடரைக் கண்டவுடன் பின்வாங்கிச் சுருளும், உருகும், கறும்புகையோடு சொட்டும். ஆறிய பிறகு கெட்டியான மணியாக நிற்கும், நசுக்க முடியாது. நைலானும் உருகி இறுகும்.

இப்போது நூலை விட்டுவிட்டு ஆளை நினையுங்கள். விஸ்கோஸ் சேலை கற்பூரத் தட்டில் பட்டால் பருத்தியைப்போல வேகமாகப் பற்றும், ஆபத்துதான். பாலியஸ்டர் பற்றுவதற்கு முன் சுருங்கி விலகும் என்பதால் சிறு பொறிக்கு அது பாதுகாப்பு என்று சொல்பவர்கள் உண்டு. பொறிக்குச் சரி, சுடர் நின்று பிடித்தால் உருகிய பாலியஸ்டர் தோலில் ஒட்டிக்கொள்ளும். அது உருகும் வெப்பம் 250 டிகிரிக்கு மேல். ஒட்டியதைத் தட்டிவிடவும் முடியாது, உரித்தால் தோலும் வரும்.

இதைச் சொன்னால், "அப்படியானால் இரண்டும் கலந்ததை எடுப்போமே, வலுவும் கிடைக்கும் சுகமும் கிடைக்கும்" என்று யாராவது சொல்வார்கள். சுகத்தைப் பொறுத்தவரை கலப்பு நல்ல சமாதானம். நெருப்பைப் பொறுத்தவரை அது இரண்டையும்விட மோசமாகலாம். தனியாக இருக்கும் பாலியஸ்டர் உருகிச் சொட்டிச் சுடரை விட்டு விலகிவிடும். கலப்பில் கருகிய விஸ்கோஸோ பருத்தியோ அதை விழவிடாமல் தாங்கிப் பிடிக்கிறது. விளக்குத் திரி எண்ணெயைத் தாங்குவதைப்போல, உருகிய பாலியஸ்டர் அதில் நின்று எரிகிறது. கோவில் சமையல் கொட்டகைக்குக் கலப்பை நான் ஒருநாளும் சொல்லமாட்டேன்.

ஜரிகையையும் மறக்கக்கூடாது. அசல் காஞ்சிப் பட்டின் ஜரிகை, பட்டு நூலின் மேல் வெள்ளிக் கம்பி சுற்றித் தங்க முலாம் பூசியது. நாம் பேசும் விலையில் வரும் சேலையில் இருப்பது பெரும்பாலும் உலோகப் பூச்சு கொண்ட பாலியஸ்டர் படலம். உடல் விஸ்கோஸாக இருந்தாலும் அரையடிக் கரை முழுவதும் பிளாஸ்டிக்காக இருக்கலாம். கரை சிறியதாக இருக்கட்டும் என்று நான் சொல்வது அழகுக்காக மட்டும் அல்ல.

அசல் பட்டு ஏன் போட்டியில் இல்லை

விலையை விட்டுவிடுவோம். யாராவது புண்ணியவான் எல்லோருக்கும் இலவசமாகவே எடுத்துக் கொடுத்தாலும் பால்குடத்துக்கு அசல் பட்டு வேண்டாம் என்பேன். வியர்வை பட்டை அரிக்கும். வெயில் பட்டைத் தளர்த்தும். பாலும் மஞ்சளும் பட்ட பட்டைத் துவைக்கக் கொடுத்தால் சலவைச் செலவு ஒரு புதுச் சேலை விலைக்கு வந்து நிற்கும். வெள்ளி ஜரிகை ஈரக்காற்றில் கறுக்கும். அசல் பட்டுக்கு இந்தியாவின் மத்தியப் பட்டு வாரியம் 2004இல் தொடங்கிய சில்க் மார்க் முத்திரை இருக்கிறது, முகூர்த்தப் புடவை எடுக்கும்போது அதைத் தேடுங்கள். வைத்திருப்பவர்கள் இரவு இரத ஊர்வலத்துக்குக் கட்டிக்கொள்ளட்டும்.

வைத்துப் பாதுகாப்பது பற்றியும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். நம் ஊர் அலமாரியில் பாலியஸ்டரை எந்தப் பூச்சியும் பூசணமும் தொடாது. விஸ்கோஸ் மரக்கூழ் என்பதால் பூசணத்துக்கும் வெள்ளிப்பூச்சிக்கும் விருந்து, கஞ்சி போட்டிருந்தால் இரட்டை விருந்து. பிளாஸ்டிக் உறையில் மூடி வைப்பது ஈரத்தை உள்ளே பூட்டுவதாகும். பழைய பருத்தி வேட்டியில் சுற்றி வைத்து, மழை ஓய்ந்த வாரங்களில் வெளியே எடுத்து நிழலில் விரித்துவிடவேண்டும். இதற்குச் சோம்பல்படுகிறவர்கள் விஸ்கோஸை வாங்காமல் இருப்பது நல்லது.

செய்யும் இடத்தின் பாவபுண்ணியமும் ஒன்று உண்டு. பாலியஸ்டர் பெட்ரோலியம், ஒவ்வொரு துவையலிலும் கண்ணுக்குத் தெரியாத நூல்துகள் தண்ணீரோடு போகிறது. விஸ்கோஸ் மரம் என்றாலும், அதைக் கரைக்கும் கார்பன் டைசல்ஃபைடு ஆலைத் தொழிலாளரின் நரம்பைக் கெடுக்கும் நஞ்சு. கோயம்புத்தூர்ப் பக்கம் பவானிக் கரையில் சிறுமுகை என்ற ஊரில் விஸ்கோஸ் ஆலை ஓடிய காலத்தில் ஆற்றுத் தண்ணீருக்காக ஊர்மக்கள் போராடியது பழைய கதை. ஆலை மூடிவிட்டது; இன்று அதே சிறுமுகை மென்பட்டுச் சேலைக்குப் பெயர் வாங்கியிருக்கிறது. இரண்டிலும் சுத்தமான கை இல்லை, ஆகவே இதை வைத்து நான் ஒன்றை ஒதுக்கவில்லை. குறைவாக வாங்கி நிறைய நாள் கட்டுங்கள் என்று மட்டும் சொல்வேன். ஆண்டுதோறும் நிறம் மாற்றும் மாதர் பிரிவுக்கு இது பிடிக்காது.

என் தேர்வு

எங்கள் மாதர் பிரிவுத் தலைவி எனக்கு மூத்தவர். போன கூட்டத்தில் அவர் பாலியஸ்டருக்குக் கொடி பிடித்தார்.

"தங்கச்சி, துவைத்தால் காய்ந்துவிடும், இஸ்திரி வேண்டாம், விலையும் குறைவு. வேறென்ன வேண்டும்?"

"நீங்கள் வண்டியில் முன்னால் போகிறீர்கள் அக்கா. நடக்கிறவர்களைக் கேளுங்கள்."

சிரிப்பு எழுந்தது, அவரும் சிரித்தார். ஆனால் அவர் கேட்டது நியாயமான கேள்வி. எல்லோருக்கும் ஒரே துணி என்று முடிவு செய்தால் பாலியஸ்டர் ஜெயித்துவிடும், ஏனென்றால் அது எதிலும் முழுதாகத் தோற்காமல் பாதி மதிப்பெண் வாங்கும். நான் சொன்ன யோசனை, ஒரே துணி என்ற பிடிவாதத்தையே விடுவது.

பால்குடம் ஏந்துகிறவர்களுக்கு விஸ்கோஸ் ஆர்ட் சில்க், மஞ்சள் நிறம், சிறு கரை. மஞ்சள் தண்ணீர்க் கறை மஞ்சள் சேலையில் யாருக்குத் தெரியப்போகிறது? நனைந்தால் தளரும் குணத்துக்கு மருந்து இருக்கிறது: தோளில் ஊக்குக் குத்தும்போது ஒற்றை மடிப்பில் குத்தாமல் முந்தானையை மடித்து அடியில் ஒரு துண்டுத் துணி வைத்துக் குத்துங்கள். ரவிக்கையை அந்தச் சேலையோடு வரும் துண்டில் தைக்காதீர்கள். ஏறக்குறைய அதே நிறத்தில் பருத்தியில் தைத்துக்கொள்ளுங்கள். கிழிவது ரவிக்கைதான், சேலை அல்ல. துவைக்கும்போது முறுக்கிப் பிழியாமல் தண்ணீர் வடியவிட்டு நிழலில் போடுங்கள். பால் பட்ட இடத்தை அன்றே பச்சைத் தண்ணீரில் அலசிவிடவேண்டும், மறுநாள் வரை விட்டால் வாடையும் போகாது கறையும் போகாது.

தீச்சட்டி எடுப்பவர்கள், பூக்குழி இறங்குபவர்கள், அன்னதானக் கொட்டகையில் நிற்பவர்கள் ஆகியோருக்குப் பருத்தி மட்டுமே. பருத்தியும் எரியும், ஆனால் உருகி ஒட்டாது, நனைத்துக்கொண்டால் வலு குறையாது, இன்னும் கூடும். முந்தானையை இடுப்பில் செருகிக்கொள்ளத் தோதான கெட்டி நெசவாக எடுக்கவேண்டும். இவர்களுக்கு மஞ்சள் வேண்டாம், அரக்கு நிறம் கொடுங்கள். இதற்கு ஒரு காரணம் உண்டு. ஒவ்வொரு நாரும் சாயத்தை வாங்கும் விதம் வேறு. பாலியஸ்டருக்குப் போடும் சாயத்தைப் பருத்தியோ விஸ்கோஸோ வாங்காது; பருத்தியும் விஸ்கோஸும் ஒரே சாயத்தை வாங்கினாலும் ஒரே அழுத்தத்தில் வாங்காது. கடைக் குழல்விளக்கில் ஒன்றாகத் தெரிந்த இரண்டு மஞ்சளும் வெயிலில் ஒன்று எலுமிச்சையாகவும் மற்றொன்று மாம்பழமாகவும் போய்விடும். பொருந்தாத ஒரே நிறத்தைவிட, வேண்டுமென்றே எடுத்த இரண்டு நிறம் பார்ப்பதற்கு ஒழுங்காக இருக்கும். யார் அடுப்படிக் குழு, யார் பால்குடக் குழு என்று கூட்டத்தில் தேடவும் வசதி.

பாலியஸ்டருக்கும் இடம் உண்டு. மாலையில் மேடையில் கோலாட்டம் ஆடும் தமிழ்ப்பள்ளிப் பிள்ளைகளுக்கு அதுதான் சரி: வளருகிற பிள்ளைகள், கசக்கிப் பையில் திணித்தாலும் சுருங்காது, அடுத்த ஆண்டு தங்கைக்கு ஆகும். உள்ளே பருத்திப் பாவாடையும் பருத்தி உள்துணியும் கட்டாயம். மேடையில் மின்விளக்கு மட்டும், குத்துவிளக்கு ஓரமாகத் தள்ளி இருக்கட்டும். இதே பாலியஸ்டர் உடையைத் தீபாவளிக்குப் போட்டுக்கொண்டு மத்தாப்புக் கொளுத்தவிடாதீர்கள். தட்டில் வைத்துக் கொடுக்கும் மரியாதைச் சேலைக்கும் பாலியஸ்டரே போதும். வாங்குகிறவர் இயந்திரத்தில் போட்டுத் துவைப்பார், நாம் போய்த் தடுக்க முடியாது.

வாங்கப் போகிறவர்கள் ஒரு சேலையை மட்டும் முன்கூட்டியே எடுத்து வந்து மூன்று காரியம் செய்யுங்கள். பாவு நூலையும் ஊடை நூலையும் எரித்துப் பாருங்கள். ஓரத்தில் ஒரு சொட்டுத் தண்ணீர் விடுங்கள். விஸ்கோஸ் என்றால் சொட்டு பரவி உள்ளே போகும், பாலியஸ்டர் என்றால் பெரும்பாலும் முத்தாகச் சற்று நேரம் நிற்கும். பசைப்பூச்சு இருந்தால் இந்தச் சோதனை ஏமாற்றும், ஆகவே ஒருமுறை அலசிய பிறகு செய்யுங்கள். அலசுவதற்கு முன் நீளத்தை அளந்து எழுதிக்கொள்ளுங்கள், காய்ந்தபின் மறுபடியும் அளந்து பாருங்கள். விஸ்கோஸ் கைப்பிடி அளவு குறைந்தால் வியப்பில்லை. ஒரு முழம் குறைந்தால் அந்தக் கட்டையே தொடாதீர்கள். தேறினால் மீதிச் சேலைகளுக்குச் சொல்லுங்கள், எல்லாம் ஒரே சாயத்தொட்டியில் வந்தவையாக இருக்கவேண்டும் என்றும் சொல்லுங்கள். ரவிக்கைத் துணியை என்னிடம் கொண்டுவருவதற்கு முன் ஓர் இரவு ஊறவைத்து உலர்த்திவிடுங்கள். திருவிழாவுக்கு முதல் நாள் கொண்டுவருகிறவர்களுக்கு நான் தைப்பதில்லை.